நடுவில் தண்டபாணி

யோகராணி தன் கணவர் இரத்தினசிங்கத்தோடு கதைக்காமல் விட்டு அந்தச் சனிக்கிழமையோடு ஐந்து கிழமை. கத்திக் குழறி, பாத்திரத்தைப் போட்டு உடைத்து, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோலத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற கோபம் இல்லை இது. வாயைப் பூட்டிக்கொள்கிற கோபம். சமைத்தாள், சாப்பாட்டை மேசையில் மூடி வைத்தாள், அவருடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்தாள். ஒரு வார்த்தை மட்டும் கதைக்கவில்லை.

விஷயம் இதுதான். மகள் கம்சாயினியின் கடைசிப் பொடியனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மகள் வீட்டுக்குக் கிட்ட, பாட்டனி டவுன்ஸில் ஒரு மண்டபத்தில் கொண்டாட்டம். மைக்கைக் கண்டால் இரத்தினசிங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. பேரனை வாழ்த்திய சூட்டோடு சூடாக, "நாங்களும் ஹென்டர்சன் வீட்டை வித்துப்போட்டு பிளாட் புஷ்ஷுக்கு, மகளுக்குப் பக்கத்திலையே வரப்போறம்" என்று அறிவித்துவிட்டார். நூற்றிருபது பேர் கைதட்டினார்கள். கடதாசித் தட்டுகளில் கேக் துண்டு வைத்துக்கொண்டிருந்த யோகராணி, நூற்றிருபத்தோராவது ஆளாக அந்தச் செய்தியைக் கேட்டாள். யாரோ ஓடிவந்து கட்டிப்பிடித்து, "கள்ளி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லைப் பாத்தீரே!" என்றார்கள். அவள் சிரித்தாள். அப்படிச் சிரிக்க வேண்டி வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீடு இரண்டு பேருடைய பெயரிலும் இருந்தது. விற்பனை ஏஜென்ற் கொடுத்த பத்திரத்தில் இரத்தினசிங்கம் கையெழுத்து வைத்துவிட்டார். அவளுடைய கோடு வெறுமையாகக் கிடந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வந்து வாங்கிப் போவதாக ஏஜென்ற் சொல்லியிருந்தான். அவருக்குக் கேட்க வழியில்லை. மனுசிதான் முகம் கொடுக்கவில்லையே. அவளுக்கும் மறுக்க வழியில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாயைத் திறக்கத்தானே வேண்டும்? முதலில் வாய் திறந்தவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். அவருக்கு அறுபத்தேழு வயது, அவளுக்கு அறுபது. பாலர் வகுப்பில் இருக்க வேண்டிய ஆட்கள்.

கோபம் வந்தால் பிள்ளையை நடுவில் வைத்துக் கதைப்பது அந்த வீட்டில் பழைய வழக்கம். "அப்பாவுக்குச் சொல்லு, சாப்பாடு ஆறுது." "அம்மாவிட்டக் கேள், கார்த் திறப்பு எங்கையெண்டு." கம்சாயினி நாலு வயதிலிருந்து இந்தத் தபால் வேலை பார்த்தவள். கலியாணம் முடித்து பிளாட் புஷ்ஷுக்குப் போன பிறகும் போன் வழியாகத் தபால் ஓடியது. ஹென்டர்சன் குசினியில் புறப்பட்ட செய்தி, பட்டணத்தின் மறுகரைக்குப் போய்த் திரும்பி, ஹென்டர்சன் ஹோலுக்கு வந்துசேரும். ஐந்தாவது கிழமையில் அவளுக்கும் பொறுமை விட்டுப்போயிற்று. நகர மத்தியில் ஏதோ ராங்கோ நடனமாம், ஆணும் பெண்ணும் சோடியாக ஆடுவதாம், சாப்பாட்டோடு. இரண்டு ரிக்கெற் வாங்கி இரண்டு பேருக்கும் அனுப்பினாள்.

"ஐ ஆம் டன், அம்மா" என்றாள் போனில். "சற்றர்டே ஈவ்னிங் மை போன் இஸ் ஓஃப். டோக் டு ஹிம்."

போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் மகளின் காசு வீணாகுமே என்று யோகராணி வெளிக்கிட்டாள். அதே யோசனையில் அவரும் வெளிக்கிட்டார். அவர் மகளின் கலியாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட், அவள் மயில்கழுத்துப் பட்டுச் சேலை.

மோட்டர்வேயில் நகரத்துக்குத் திரும்புகிற லேனை அவர் தவறவிட்டதை யோகராணி கண்டாள். மற்ற நாளென்றால் அரைக் கிலோமீற்றருக்கு முன்பே "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்தியிருப்பாள். இப்போது வாயைத் திறக்கவில்லை. கார் நேரே பாலத்தில் ஏறி, துறைமுகத்தைக் கடந்து, வடக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் தன் பிழையைப் பிழையென்று காட்டாமல், அந்தக் கரையைப் பார்க்கவே வந்தவர்போல ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார். போய்ச் சேர இருபது நிமிடம் பிந்தியது. கடல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

கட்டடம் நூறு வருசத்துக்கு மேல் பழையது. முன்பு வங்கியாக இருந்ததாம். உயரமான கூரையில் சுண்ணாம்புப் பூவேலை, பளிங்குத் தூண்கள். பெட்டகம் இருந்த இரும்பு அறையில் இப்போது விருந்தாளிகளின் கோட்டுகளைத் தொங்க விட்டிருந்தார்கள். நாலு பேருக்கு ஒரு மேசை. இவர்களுடைய மேசையில் ஒருவர் ஏற்கெனவே இருந்து பாண் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"தமிழா? வாங்க, வாங்க!" என்று எழுந்துவிட்டார். "நான் தண்டபாணிங்க. கோயமுத்தூர். பாட்டனியில ஃபர்னிச்சர் கடையில வேலை. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், அதான் தனியா வந்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் நான் இந்த டேங்கோ கிளாஸ் போறேனுங்க."

அவருக்கு இடப்பக்கம் இரத்தினசிங்கம் இருந்தார். வலப்பக்கம் யோகராணி இருந்தாள். நாலாவது கதிரை காலி. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காமல் தன்னை நடுவில் விட்டதை அந்த மனிதர் முதலில் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

சாப்பாடு வந்தபோது விளங்கிக்கொண்டார். பரிமாறுகிற பெண் இரண்டு பெரிய தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் கைப்பிடித் தடிப்பில் மாட்டிறைச்சி, நடுவில் இளஞ்சிவப்பாக. அன்று புரட்டாதிச் சனி. இரத்தினசிங்கத்துக்கு ஏழரைச் சனி நடப்பதால் அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் வீட்டில் மச்ச மாமிசமே கிடையாது. மாடு எந்த மாதத்திலும் கிடையாது. கம்சாயினி ரிக்கெற் எடுக்கும்போது என்ன சாப்பாடு என்று கேட்டுத்தான் இருந்தாள். "அம்மாவிட்டக் கேள்" என்றார் அவர். "அப்பாவிட்டக் கேள்" என்றாள் இவள். தபால்காரி இரண்டு பேரையும் விட்டுவிட்டு, இருப்பதில் விலை கூடியதைத் தெரிவுசெய்துவிட்டாள்.

"தம்பி," என்றாள் யோகராணி தண்டபாணியிடம், "அவரிட்டச் சொல்லுங்கோ, இண்டைக்குச் சனிக்கிழமை எண்டு."

தண்டபாணி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "அண்ணா பக்கத்துலதானுங்க இருக்காரு?"

"அவவிட்டச் சொல்லுங்கோ தம்பி," என்றார் இரத்தினசிங்கம், "எனக்குக் கிழமை தெரியுமெண்டு. தட்டை மாத்தச் சொல்லுவம், நாங்கள் மரக்கறி எண்டு."

"மகளுக்கு முதலே சொல்லியிருந்தா இந்தக் கரைச்சல் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"சொல்லியிருக்க வேண்டிய ஆள் ஆரெண்டு கேளுங்கோ."

தண்டபாணி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "சரிங்க, வெளங்கிருச்சு" என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு தட்டையும் மாற்றச் சொன்னார். குசினியிலிருந்து சுட்ட பூசணிக்காயும் உருளைக்கிழங்கும் சலாட்டும் வந்தன. நல்ல மனிதர். உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், குளிர்கிறது என்று அடுத்த அரை மணித்தியாலம் இரண்டு கரைக்கும் நடுவில் படகு வலித்தார்.

நடனம் தொடங்கியது. ஆணும் பெண்ணும் ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்தவர்கள். கிழவர் ஒருவர் மடியில் ஒரு பெட்டியை வைத்து, அதை விரித்து மடக்கி வாசித்தார். யோகராணி இதை ஏதோ ஒட்டி உரசுகிற கூத்து என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். ஒட்டித்தான் ஆடினார்கள். ஆனால் இரண்டு முகத்திலும் சிரிப்பே இல்லை, கணக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்தப் பெண் முழு நேரமும் பின்பக்கமாகவே நடந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். இடையிடையே அவன் அப்படியே நின்றுவிடுவான். அவள் தன் காலால் நிலத்தில் வளைத்து வளைத்து ஏதோ எழுதி முடிக்கும்வரை அசையாமல் நிற்பான்.

"பின்னாடி போறவங்களுக்குத்தானுங்க கஷ்டம்" என்றார் தண்டபாணி.

"ஓம், அது உண்மை" என்றாள் யோகராணி. இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். நடனம் சொல்லிக்கொடுக்கிற ஒரு வெள்ளைத்தலை அம்மா நடுவில் வந்து, இனி எல்லாரும் ஆடலாம் என்றார். ஆனால் ஆர்ஜென்ரீனா ஊர் முறைப்படி. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் எதிர்ப்பக்கம். யாரும் வாயால் கேட்கக்கூடாது, எழுந்து போய்க் கையை நீட்டவும் கூடாது. ஆண் இருந்த இடத்திலிருந்தே ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும். அவளும் பார்த்துத் தலையசைத்தால் எழுந்து வரலாம். அவள் முகத்தைத் திருப்பினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதில் வெட்கப்படவோ கோபிக்கவோ ஒன்றுமில்லை, கேட்டதற்கு அது பதில், அவ்வளவுதான் என்றார்.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்பது யோகராணிக்குப் புதுமை இல்லை. கோயில் மண்டபத்தில் முப்பது வருசமாக அப்படித்தான் இருக்கிறாள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேள்வி வருவதும், இந்தப் பக்கம் மாட்டேன் என்று முகம் திருப்புவதும் புதுமைதான். கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

இசை தொடங்கியது. தண்டபாணி, எதிர்வரிசையில் தன்னைவிட ஒரு சாண் உயரமான வெள்ளைக்கார மனுசியைப் பார்த்தார். அந்த மனுசி தலையசைத்தாள். மாப்பிள்ளை மாதிரி எழுந்து போனார். ஒவ்வொரு சோடியாக நடுவுக்கு வந்தது. எதிரே, இரத்தினசிங்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தூரத்திலிருந்து அவரை அவள் பார்த்துக் கனகாலம். கோட் தோளில் தொங்கியது, மெலிந்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பினாள். கூரையின் சுண்ணாம்புப் பூக்களை எண்ணத் தொடங்கினாள். முப்பத்து மூன்று வருசத்தில் அவருக்கு அவள் சொன்ன முதலாவது மாட்டேன் அது, அதுவும் நாற்பது பேருக்கு முன்னால். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

அடுத்த பாட்டிலும் பார்த்தார். அவள் தூணைப் பார்த்தாள். மூன்றாவது பாட்டில் இரத்தினசிங்கத்துக்குப் பழைய குணம் வந்துவிட்டது. விடுக்கென்று எழும்பி, ஆடுகிறவர்களுக்கு நடுவால் நேரே வந்து அவள் முன்னால் நின்று கையை நீட்டினார். வெள்ளைத்தலை அம்மா, "நோ, நோ, சேர்!" என்று விரலை ஆட்டியதை அவர் கவனிக்கவே இல்லை.

"இஞ்சேரும், எழும்பும்" என்றார். "எல்லாரும் பாக்கினம்."

ஐந்து கிழமையில் அவர் நேரே சொன்ன முதல் வார்த்தைகள். யோகராணி அண்ணாந்து பார்த்தாள்.

"போய் இருங்கோ" என்றாள். "நான் இன்னும் தலையாட்டேல்லை."

சத்தமாகவே சொன்னாள். நடுவில் ஆடிக்கொண்டிருந்த தண்டபாணி திரும்பிப் பார்த்ததில் அந்த மனுசியின் காலை மிதித்துவிட்டார். இரத்தினசிங்கம் நீட்டிய கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருந்தார். அவளைப் பார்த்தார்.

யோகராணி அவரை இரண்டு பாட்டுக்குக் காக்கவைத்தாள். காத்திருக்கத் தெரியாத மனிதர்; முழங்கால் ஆடியது. ஆனாலும் போனை எடுக்கவில்லை, பக்கத்து ஆளோடு ஊர்க்கதை தொடங்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஒரு பதிலுக்காக இந்த மனிதர் இருந்த இடத்தில் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். இரண்டாவது பாட்டு முடியும்போது தலையை ஆட்டினாள். அவர் எழும்பவில்லை, தான் கண்டது சரிதானா என்று சந்தேகம்போல. கடைசியில் அவளே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போய், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையில் இருந்தாள். ஆட இரண்டு பேருக்கும் தெரியாது.

"இப்ப கேளுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"அண்டைக்கு மைக்கிலை சொன்னதை. என்னட்டைக் கேளுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். "வீட்டை விப்பமோ?"

"மாட்டன்."

அவர் பாய்ந்து விழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையைத்தான் ஆட்டினார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கேட்டா நீர் மாட்டன் எண்டுதான் சொல்லுவீர் எண்டு தெரியும். அதாலைதான் கேக்கேல்லை. எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டா, பிறகு ஓம்பட்டுப்போடுவீர் எண்டு நினைச்சன்."

யோகராணிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தன் மனதை அறியாத மடையன் என்றுதான் ஐந்து கிழமையாக அவரைத் திட்டியிருந்தாள். மடையன் இல்லை, கள்ளன். அவள் எதை விரும்புவாள், எதை விரும்பமாட்டாள் என்று எழுத்துப் பிசகாமல் தெரிந்துகொண்டு, அதற்கு மேலால் நடந்திருக்கிறார்.

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் செய்தனீங்கள்."

"ஓம்."

"வெக்கமா இல்லையோ?"

"இருக்கு" என்றார் இரத்தினசிங்கம். "நாளைக்குக் காலமை ஏஜென்றுக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன், வரவேண்டாமெண்டு."

"கைதட்டின சனத்துக்கு?"

"அதையும் நானே சொல்லுறன்."

அவ்வளவுதான். வீடு தப்பிவிட்டது. பன்னிரண்டு நிமிட நடையில் இருக்கிற முதியோர் ரெஸ்ட் ஹோமில் துணி தோய்க்கிற லோண்டரி வேலை, அங்கே கூட வேலை செய்கிற நாலு பெண்கள், தன் கையால் வைத்த கறிவேப்பிலைக் கன்று எல்லாம் தப்பிவிட்டன. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு ஏற்றுகிற ஆச்சியாகப் போகாமல், இருந்தபடியே இருக்கலாம். ஐந்து கிழமை வாயைப் பூட்டியதற்கு இவ்வளவு சுளுவாக வெற்றி கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வென்றவள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்தானே என்றுதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்பிடி என்ன இருக்கு பிளாட் புஷ்ஷிலை? பேரப்பிள்ளையளோ?"

"அதுகள் பள்ளிக்கூடம் போயிடுங்கள்."

"அப்ப ஏன்?"

அவர் ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் ஏழு மணிக்குப் போனா நாலு மணிக்கு வாறீர். நான் வேலையை விட்டு ஒண்டரை வருசமாச்சு. பகல் முழுக்க அந்த வீட்டிலை என்ர குரல் எனக்கே கேக்கிறேல்லை. ஒரு நாள் பின்னேரம் நீர் வந்து கதவைத் திறக்கேக்கை, வாரும் எண்டு சொல்ல வாயெடுத்தா, சத்தம் வரேல்லை. தொண்டை அடைச்சுப்போய்க் கிடக்குது. அங்கையெண்டா மருமோன் வீட்டிலையிருந்து வேலை செய்யிறவன். மத்தியானம் ஒரு தேத்தண்ணியாவது ஆரோடையேன் குடிக்கலாம் எண்டு நினைச்சன்." பிறகு, குறைசொல்கிற மாதிரி இல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரியே சொன்னார். "இந்த அஞ்சு கிழமையும் பின்னேரக் கதையும் இல்லாமப் போச்சு."

யோகராணிக்கு லோண்டரியில் நாள் முழுக்கக் கதை. சமோவாக்காரியும் பிலிப்பீன்ஸ்காரியும் அவளுமாகச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். அந்த இரைச்சலில் இருந்து வந்து வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது, உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஓய்வாக இருந்தது. அவருடைய கர்வத்தைத்தான் தண்டிக்கிறேன் என்று நினைத்திருந்தாள். அவருக்கு மிச்சமிருந்த ஒரே மனிதக் குரலைப் பிடுங்கி வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்கவில்லையே, கேட்கவில்லையே என்று குமுறியவள், அந்த மனிதரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாளா? இல்லை. அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வீட்டை விற்க மாட்டாள். அது மாறவில்லை, மாறியதுபோல நடிக்கவும் அவளுக்கு மனமில்லை. ஆறுதல் சொல்லலாமென்றால், அந்த மாதிரிச் சொற்களை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகியதில்லை. பாட்டு முடிந்து, வியர்த்துப்போன தண்டபாணி இரண்டு கிளாஸ் ஜூஸோடு அவர்களை நோக்கி வந்தார். பாதி வழியில் நின்று பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி வேறு பக்கம் போய்விட்டார்.

யோகராணி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை லோண்டரியிலை எங்கட பெரிய மெஷின் உடைஞ்சு போச்சு" என்றாள்.

இரத்தினசிங்கம் திரும்பினார். "என்னெண்டு?"

"பெட்சீற் நிறையப் போட்டு ஓடவிட்டிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டம். வந்து பாத்தா, தண்ணி கதவுக்குக் கீழாலை போய், கிழவி ஒராளின்ர அறை முழுக்கக் குளம். கிழவி கட்டில்லை ஏறி இருந்துகொண்டு கைதட்டிச் சிரிக்குது."

"பிறகு?" என்றார் அவர்.